ரெண்டு ஆஃபர் கையில இருக்கு, எதை எதோட வச்சு ஒப்பிடறதுன்னு தெரியல

கேள்வி - மாலைவெயில்

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சு சொல்லுங்க. நான் 8 வருஷமா பேக்எண்ட் டெவலப்பரா இருக்கேன், இப்ப இருக்கற கம்பெனில 5 வருஷம் ஆச்சு. புடிச்ச வேலைதான், டீமும் நல்ல டீம், ஆனா கடைசி ரெண்டு அப்ரைசல்லயும் 3 சதவீதத்துக்கு மேல ஏறல, எனக்கப்புறம் சேந்தவங்க என்னை விட அதிகம் வாங்கறாங்கன்னு தெரிஞ்ச நாள்லேருந்து மனசு ஒட்டல. குழந்தைக்கு ரெண்டு வயசு, அது தூங்கினதுக்கப்புறம் ராத்திரி உக்காந்து படிச்சு மூணு மாசம் இன்டர்வியூ குடுத்து இப்ப ரெண்டு ஆஃபர் வந்திருக்கு.

நிஜத் தொகையைப் போட விருப்பமில்ல, அதனால என்னோட இப்போதைய வருஷ பேஸ் சம்பளத்தை 100னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல போனஸ்னு வருஷம் 8 வருது, இதுவரைக்கும் தவறினது இல்ல. வாரம் 40 மணி நேரம், முழுக்க வீட்லேருந்து வேலை, ஆன்-கால் (ஆபீஸ் நேரத்துக்கு வெளிய சர்வர்ல பிரச்சனைன்னா முறை வச்சு எழுந்து பாக்கறது) கிடையாது. இன்சூரன்ஸ்ல வீட்டுக்காரர், குழந்தை, அதோட என் அப்பா அம்மாவும் இருக்காங்க, அப்பாவுக்கு சுகர் இருக்கறதால அது எனக்குப் பெரிய விஷயம்.

முதல் ஆஃபர் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன பெரிய கம்பெனி. பேஸ் 112, அதுக்கு மேல பேஸ்ல 15 சதவீதம் வேரியபிள் (கம்பெனி நிலைமையையும் ரேட்டிங்கையும் பொறுத்து வர்ற பணம்), ஜாயினிங் போனஸ் 10, நாலு வருஷத்துக்கு 80 மதிப்புள்ள ஸ்டாக். ரெக்ரூட்டர், அதாவது கம்பெனிக்கு ஆள் எடுக்கறவங்க, போன்ல "டோட்டல் 159 வருது மேடம்"னு சொன்னாங்க. வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும், போக வர ரெண்டு மணி நேரம் ஆகும். ஆன்-கால் உண்டு. இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா கிடையாது, நானா தனியா எடுத்தா வருஷம் 6 ஆகும்னு விசாரிச்சுட்டேன்.

ரெண்டாவது ஒரு சின்ன கம்பெனி. பேஸ் 105, 20,000 ஸ்டாக் ஆப்ஷன், லீவுக்கு லிமிட்டே இல்லைங்கறாங்க, வீட்லேருந்தே வேலை. ஃபவுண்டரே பேசினார், இந்த ஆப்ஷன் நாளைக்கு உங்க வாழ்க்கையையே மாத்தும்னு ரொம்ப நம்பிக்கையா சொன்னார்.

108 எங்க, 159 எங்க, யோசிக்கறதுக்கு என்ன இருக்குன்னு வீட்ல கேக்கறாங்க. எனக்கு ஏனோ அந்த 159 மேல நம்பிக்கை வரல. எப்படிக் கணக்குப் போடணும்னு அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லா இருக்கும்.

பதில் - பழைய_சர்வர்

உங்க சந்தேகம் சரியான சந்தேகம்மா. 19 வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன், அதுல ஆறேழு வருஷம் ஆள் எடுக்கற பக்கமும் உக்காந்திருக்கேன், ரெக்ரூட்டர் சொல்ற டோட்டல்ங்கறது கம்பெனி உங்களுக்காக ஒதுக்கி வைக்கற தொகை, உங்க அக்கவுண்ட்ல விழற தொகை வேற. அதை உடைச்சுப் பாக்காம முடிவெடுக்காதீங்க. அந்த 159 எப்படி வந்துதுன்னா பேஸ் 112, வேரியபிள் 16.8, ஜாயினிங் போனஸ் 10, ஸ்டாக் 80ஐ நாலால வகுத்து 20, மொத்தம் 158.8. இந்த நாலும் நாலு விதமான பணம், நாலையும் ஒரே கூடையில போட்டு எண்ணினதுதான் தப்பு.

பேஸ் நிச்சயம், மாசாமாசம் வரும், அதுல பேச்சே இல்ல. ஜாயினிங் போனஸ் ஒரே ஒரு தடவை, ரெண்டாவது வருஷம் அந்த 10 காணாமப் போயிடும், அதோட ஒரு வருஷம் இல்ல ரெண்டு வருஷத்துக்குள்ள நீங்க விலகினா திருப்பிக் கட்டணும்னு லெட்டர்ல ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க. திருப்பிக் கட்டறப்ப வரி புடிச்சதுக்கப்புறம் கைக்கு வந்த தொகையைக் கேப்பாங்களா, வரிக்கு முந்தின முழுத் தொகையைக் கேப்பாங்களான்னு இப்பவே கேட்டுடுங்க, இதுல அடிபட்டவங்க நிறைய பேர்.

வேரியபிள்ல 15 சதவீதம்ங்கறது டார்கெட். கம்பெனி நல்லா ஓடி, உங்க டிவிஷன் நல்லா ஓடி, உங்க ரேட்டிங்கும் நல்லா இருந்தாதான் முழுசா வரும். கடைசி மூணு வருஷம் உங்க லெவல்ல (பதவிப் படில) சராசரியா எத்தனை சதவீதம் குடுத்தீங்கன்னு நேரா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. குடுக்கற தேதியில நீங்க அங்க வேலைல இருக்கணுமா, வருஷத்துக்கு நடுவுல சேந்தா முதல் வருஷம் பாதிதானான்னும் கேளுங்க. இப்போதைக்கு 70 சதவீதம்னு வச்சா 16.8, 11.8 ஆயிடும்.

இப்ப ஸ்டாக்குக்கு வருவோம், இங்கதான் உங்க முடிவே மாறப்போகுது. நாலு வருஷத்துக்கு 80னா வருஷம் 20னு எல்லாரும் மனசுக்குள்ள வகுத்துக்கறாங்க. பல கம்பெனில அப்படித்தான், முதல் வருஷம் முடியற வரைக்கும் ஒண்ணும் கிடையாது, 12 மாசம் ஆனதும் 25 சதவீதம், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா வரும். 11-வது மாசம் வெளிய வந்தா பூஜ்யம். ஆனா எல்லா இடத்துலயும் இப்படிக் கிடையாது. அமேசான்ல பல வருஷமா இருந்த முறை 5, 15, 40, 40, அதாவது முதல் வருஷம் 5 சதவீதம்தான், முக்கால்வாசிக்கு மேல கடைசி ரெண்டு வருஷத்துலதான் வரும். அவங்க முதல் ரெண்டு வருஷத்துக்கு ரொக்கமா போனஸ் குடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பிடுவாங்க. நிரப்பாத இடமா இருந்தா உங்க 80, வருஷ வாரியா 4, 12, 32, 32னு வரும்.

அதை வச்சு ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன், நான் ஆஃபர் பாக்கறப்ப இப்படித்தான் பாப்பேன். உங்களுக்கு இப்ப 108 வருது, வாரம் 40 மணி நேரம், வகுத்தா 2.70. பெரிய கம்பெனில ஜாயினிங் போனஸை ஒதுக்கி வச்சுட்டு பேஸ் 112, வேரியபிள் 11.8, ஸ்டாக் 4, அதுலேருந்து அப்பா அம்மா இன்சூரன்ஸுக்கு 6 கழிச்சா 121.8. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, போக வர 6 மணி நேரம், ஆக 46. வகுத்தா 2.65. அதாவது 159னு சொன்ன ஆஃபர், முதல் வருஷத்துல உங்க ஒரு மணி நேரத்துக்கு இப்ப வாங்கறதை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் குடுக்குது, ஆன்-காலை நான் இன்னும் சேக்கவே இல்ல. இதே ஸ்டாக் வருஷம் 25 சதவீதம்னு சீரா வந்தா 137.8, வகுத்தா கிட்டத்தட்ட 3.0, அப்ப நிஜமாவே லாபம். பாத்தீங்களா, வெஸ்டிங், அதாவது ஸ்டாக் எந்த வருஷம் எவ்வளவு கைக்கு வரும்ங்கறது, எப்படின்னு ஒரே ஒரு கேள்வி, அதுக்கு வர்ற பதில்ல தீர்ப்பே மாறுது.

இன்னொண்ணு, 80ங்கறது இன்னைய ஷேர் விலைல. சேர்ற சமயத்துல அதை ஷேர் எண்ணிக்கையா மாத்திக் குடுத்துடுவாங்க, அப்புறம் விலை ஏறினா உங்களுக்கு, இறங்கினாலும் உங்களுக்குத்தான். மெட்டா ஷேர், அப்ப பேர் ஃபேஸ்புக், 2021 செப்டம்பர்ல 380 டாலரை ஒட்டி இருந்துது, 2022 நவம்பர்ல 90க்கும் கீழ போச்சு. உச்சத்துல 80 மதிப்புக்கு ஸ்டாக் வாங்கிச் சேந்தவங்க கையில அன்னைக்கு இருந்தது 19. 2024 ஆரம்பத்துல பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு, அது வேற விஷயம், ஆனா நடுவுல வீட்டுக் கடன் கட்ட அந்த ஸ்டாக்கை நம்பினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. அதனால மாசச் செலவு, இஎம்ஐ எல்லாம் பேஸ் சம்பளத்துலயே அடங்குதான்னு பாருங்க, ஸ்டாக் வந்தா சேமிப்புக்குப் போகட்டும். பல நாடுகள்ல வெஸ்ட் ஆகற அன்னைக்கே அதைச் சம்பளமா எடுத்துக்கிட்டு வரி புடிப்பாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பதில் - நடுராத்திரி_கமிட்

அக்கா, மேல அண்ணன் போட்ட கணக்கு அருமை, ஆனா ஆன்-காலை அவர் ஒரு வரில தாண்டிட்டார், எனக்கு அதைப் பத்தித்தான் சொல்லணும். சின்னக் குழந்தை இருக்குன்னு வேற சொல்றீங்க.

முன்னாடி இருந்த கம்பெனில எங்க டீம்ல நாலே பேரு, அப்ப நாலு வாரத்துக்கு ஒரு வாரம், வருஷத்துக்கு 13 வாரம் என் போன் தலையணைக்குப் பக்கத்துல முழு சத்தத்துல இருந்துது. இன்டர்வியூல "ஆன்-கால் இருக்கு, ஆனா பெருசா ஒண்ணும் வராது"ன்னு சொன்னாங்க, நானும் எத்தனை வரும்னு கேக்காம விட்டுட்டேன். ஒரு ராத்திரி 2:40க்கு டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு அலர்ட், எழுந்து லாக் ஃபைலையெல்லாம் அழிச்சுட்டு படுத்தா 3:25க்கு அதே சர்வர், திரும்ப எழுந்து 4:10க்கு முடிச்சு, காலைல 9:30க்கு ஸ்டாண்டப்ல (டீமோட தினசரி சின்ன மீட்டிங்ல) "நேத்து என்ன பண்ணே"ன்னு கேக்கறப்ப எனக்கு வாய் வரல. அந்த ராத்திரிக்கு ஒரு பைசா கிடையாது, அடுத்த நாள் லீவும் கிடையாது, இது உங்க ரோல்லயே அடக்கம்னு மேனேஜர் சொன்னார். ஒன்றரை வருஷத்துல பிபி மாத்திரை ஆரம்பிச்சேன், அப்ப எனக்கு 29 வயசு.

அதனால ஆன்-கால் இருக்கான்னு மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க, மாத்தி மாத்தி எடுக்கற சுத்துல எத்தனை பேர் இருக்காங்க, போன மாசம் ஆபீஸ் நேரத்துக்கு வெளிய எத்தனை அலர்ட் வந்துது, அதுக்குத் தனிக் காசா இல்ல மாத்து லீவா, குழந்தைக்கு முடியாத வாரம் இன்னொருத்தர் எடுத்துப்பாங்களா, இதையெல்லாம் கேளுங்க. ஹெச்ஆர்கிட்ட கேட்டா அவங்களுக்குத் தெரியாது, டீம்ல வேலை செய்யற யாரோடயாவது அரை மணி நேரம் பேசணும்னு கேளுங்க, நல்ல கம்பெனி ஏற்பாடு பண்ணிக் குடுக்கும். கூகுளோட எஸ்ஆர்இ ஆளுங்க (சர்வர் எல்லாம் விழாம பாத்துக்கற டீம்) அவங்க முறையை வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க, ஒரே ஊர்ல இருக்கற டீம்னா குறைஞ்சது 8 பேர் சுத்துல இருக்கணும், 12 மணி நேர ஷிஃப்ட்ல ரெண்டு இன்சிடென்ட்டுக்கு மேல வரக்கூடாதுன்னு. எல்லா இடத்துலயும் அப்படி இருக்காது, ஆனா அதை அளவுகோலா வச்சுக் கேட்டா, எதிர்ல இருக்கறவர் தயங்கறதுலயே பாதி பதில் தெரிஞ்சுடும்.

கேள்வி கேட்டவர் - மாலைவெயில்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த 2.65ஐப் பாத்துட்டு ராத்திரி வீட்டுக்காரரும் நானும் ஒரு நோட்டுல திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம், சரியாத்தான் வருது. காலைலயே ரெக்ரூட்டருக்கு மெயில் போட்டேன். வெஸ்டிங் வருஷம் 25 சதவீதமாம், முதல் வருஷம் முடிஞ்சதும் ஒரு தடவை, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. வேரியபிள் கடைசி மூணு வருஷம் 60, 90, 75 சதவீதம் குடுத்தாங்களாம். ஆன்-கால்ல 5 பேர், அப்ப வருஷம் பத்து வாரம் வரும். அலர்ட் எண்ணிக்கை கேட்டதுக்கு டீம்ல ஒருத்தரோட பேச வெள்ளிக்கிழமை நேரம் குடுத்திருக்காங்க.

அந்த ரெண்டாவது கம்பெனி பத்தி யாராவது சொல்லுங்களேன், 20,000 ஆப்ஷன்னா நிறையவா கம்மியா?

பதில் - மூணாவது_மாடி

தோழி, 20,000ங்கறது மேல இருக்கற நம்பர், கீழ இருக்கற நம்பர் தெரியாம அதுக்கு அர்த்தமே இல்ல. கம்பெனியோட மொத்த ஷேர், அதாவது எல்லா ஆப்ஷனையும் இன்வெஸ்டர் பங்கையும் சேத்த முழு எண்ணிக்கை 1 கோடின்னா உங்களுது 0.2 சதவீதம், 10 கோடின்னா 0.02 சதவீதம், பத்து மடங்கு வித்தியாசம். அந்த எண்ணிக்கையைக் கேளுங்க. அடுத்தது உங்க ஆப்ஷனோட வாங்கற விலை என்ன, கடைசியா முதலீடு வந்தப்ப ஒரு ஷேருக்கு என்ன விலை, கையில இருக்கற காசு எத்தனை மாசத்துக்கு வரும். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்னு மழுப்பினா அந்த ஆப்ஷனைப் பூஜ்யம்னு வச்சு 105ஐ மட்டும் உங்க 108ஓட ஒப்பிடுங்க.

ஆப்ஷன்ங்கறது ஷேர் கிடையாது, ஒரு விலைக்கு வாங்கிக்கற உரிமை, நீங்கதான் காசு கட்டி வாங்கணும். நான் ஒரு சின்ன கம்பெனில மூணேகால் வருஷம் இருந்தேன், பேஸ் சம்பளத்தை மார்க்கெட்டை விட கம்மியா ஒத்துக்கிட்டதே அந்த ஆப்ஷனுக்காகத்தான். விலகறப்ப ஹெச்ஆர் ஒரு தாளை நீட்டினாங்க, வெஸ்ட் ஆனதையெல்லாம் 90 நாளுக்குள்ள வாங்கிக்கணும், இல்லைன்னா போயிடும்னு. வாங்கற தொகை என் எட்டு மாசக் கைச்சம்பளம், அதோட வாங்கற விலைக்கும் அன்னைய மதிப்புக்கும் இருக்கற வித்தியாசத்துக்கு வரி வேற, அத்தனையும் கட்டி வாங்கின ஷேரை விக்கறதுக்கு மார்க்கெட்டே கிடையாது, ஏன்னா கம்பெனி லிஸ்ட் ஆகல. அந்தத் தாளை பீரோல வச்சுட்டு 90 நாளும் தினம் எடுத்துப் பாத்தேன், கடைசில விட்டுட்டேன். என்னோட சேந்தே விலகின நண்பன் கடன் வாங்கி வாங்கினான்.

ரெண்டு வருஷம் கழிச்சு கம்பெனியை வேற ஒருத்தர் வாங்கிட்டாங்க. நண்பன் கொண்டாட்டமா போன் பண்ணினான், ஒரு வாரத்துல அழுதுக்கிட்டே திரும்பப் பண்ணினான். என்ன ஆச்சுன்னா, இன்வெஸ்டருங்க போட்ட காசை முதல்ல எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கும், லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்னு பேரு. போட்டது மொத்தம் 60, கம்பெனி வித்தது 50க்குன்னா அந்த 50ம் அவங்களுக்கே போயிடும், சாதா ஷேர் வச்சிருக்கற வேலைக்காரங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. எங்க கதையும் அதான். விட்டவனுக்கும் கிடைக்கல, வாங்கினவனுக்கும் கிடைக்கல, அவன் கடன் மட்டும் மிஞ்சுச்சு.

இதனால எல்லா ஸ்டார்ட்அப்பும் மோசம்னு சொல்ல வரல. 90 நாள்ங்கறது கல்லுல எழுதினது இல்ல, பின்டரெஸ்ட் 2015லயே ரெண்டு வருஷம் வேலை செஞ்சவங்களுக்கு அதை 7 வருஷமா நீட்டிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் வேற சில கம்பெனியும் நீட்டியிருக்காங்க. உங்க ஃபவுண்டர்கிட்ட அதைக் கேளுங்க. அவ்வளவு நம்பிக்கையா பேசறவருக்கு அதை எழுத்துல குடுக்கறதுல கஷ்டம் இருக்கக்கூடாது.

லிமிட் இல்லாத லீவு பத்தியும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை இல்லைன்னா சேத்து வைக்கறதுக்கும் எதுவும் இல்ல, அதனால பெரும்பாலும் விலகறப்ப மிச்ச லீவுக்குக் காசும் வராது. டீம்ல போன வருஷம் ஒவ்வொருத்தரும் எத்தனை நாள் எடுத்தாங்கன்னு கேளுங்க. 20க்கு மேலன்னா நல்ல இடம், ஏழெட்டுன்னா லிமிட் இருந்திருந்தாலே தேவலாம்.

பதில் - வேர்க்குழல்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. மேல எல்லாரும் முதல் வருஷத்தையே பாக்கறாங்க. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பாக்கறது நல்ல வழிதான், ஆனா அதை மட்டுமே பாத்து நான் ஆறு வருஷம் ஒரே இடத்துல இருந்துட்டேன், சௌகரியம், நல்ல மேனேஜர், சாயங்காலம் 6 மணிக்கு லேப்டாப் மூடிடலாம். வெளிய வந்தப்ப என்னோட படிச்சவங்களுக்கும் எனக்கும் ரெண்டு மடங்கு இடைவெளி, போற இடத்துலயெல்லாம் பழைய சம்பளம் என்னன்னு கேட்டு அது மேலதான் போட்டாங்க. அமெரிக்கால சில மாநிலங்கள்ல இந்தக் கேள்வியையே தடை பண்ணிட்டாங்க, கொலராடோல 2021லேருந்தும் கலிபோர்னியால 2023லேருந்தும் வேலை விளம்பரத்துலயே சம்பள ரேஞ்ச் போடணும், ஆனா அந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் இல்ல.

உங்க 3 சதவீதத்தையே எடுத்துக்கோங்க. 100, வருஷம் 3 சதவீதம் ஏறினா 5 வருஷத்துல 116. அந்த 112, வருஷம் 7 சதவீதம் ஏறினா 157. இன்னைக்கு 12 வித்தியாசம், அஞ்சு வருஷத்துல 41. அதனால அவங்க வழக்கமா எவ்வளவு ஏத்தறாங்க, உங்களை எந்த லெவல்ல எடுக்கறாங்க, அடுத்த லெவலுக்குப் பொதுவா எத்தனை வருஷம் ஆகுதுன்னு கேளுங்க. லெவல் ஒண்ணு குறைச்சு எடுத்தா பேஸ் அழகா இருந்தாலும் அப்புறம் ஏறவே இடம் இருக்காது. லெவல்ஸ்.எஃப்ஒய்ஐ மாதிரி தளத்துல அந்த கம்பெனி, அந்த லெவலுக்கு மத்தவங்க போட்டிருக்கறதைப் பாத்துட்டு பேரத்துக்கு உக்காருங்க.

பெரிய கம்பெனின்னா நிரந்தரம்னும் நினைக்காதீங்க. 2022 நவம்பர்ல மெட்டா 11,000 பேரை அனுப்புச்சு, 2023 ஜனவரில கூகுள் 12,000 பேர். அனுப்பினா எத்தனை வாரச் சம்பளம், இன்சூரன்ஸ் கடைசி நாளோட நின்னுடுமா, இதையும் கேட்டு வச்சுக்கோங்க. வெஸ்ட் ஆகாத ஸ்டாக் பெரும்பாலும் அன்னையோட போயிடும்.

பதில் - பழைய_சர்வர்

வேர்க்குழல் சொல்றது சரி, லெவலை நான் விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் சேக்கறேன். பேஸ் ஏத்த மாட்டாங்கன்னா உடனே விட்டுடாதீங்கம்மா, கம்பெனிக்கு பேஸ் ஏத்தறது வருஷா வருஷம் செலவு, ஜாயினிங் போனஸ் ஒரு தடவைதான், அதனால அங்க கை தாராளமா வரும். ஆனா உங்களுக்கு பேஸ்தான் நல்லது, ஏன்னா இன்கிரிமென்ட், வேரியபிள் எல்லாமே அது மேலதான் வரும், பல இடத்துல ஓய்வுகால சேமிப்புக்கு கம்பெனி போடற பங்கும் அப்படித்தான். முதல்ல பேஸ் கேளுங்க, முடியலைன்னாதான் மத்தது. அப்பா இன்சூரன்ஸ் வெளிய எடுக்கறப்ப ஏற்கனவே இருக்கற சுகருக்கு எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு பாலிசில பாத்துடுங்க, பழைய கம்பெனி கவர் நிக்கற நாளுக்கு முன்னாடியே புதுசு ஆரம்பிக்கணும். போன்ல சொன்னது எதுவும் கணக்குல வராது, எல்லாம் மெயில்ல வாங்குங்க.

கேள்வி கேட்டவர் - மாலைவெயில்

என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். சின்ன கம்பெனி ஃபவுண்டர்கிட்ட மொத்த ஷேர் எண்ணிக்கை கேட்டேன், அதெல்லாம் சேந்ததுக்கப்புறம் பேசலாம்னார், 90 நாள் பத்தி ரெண்டு மெயில் போட்டும் பதில் இல்ல. பூஜ்யம்னு வச்சுப் பாத்தா என் 108க்கு எதிர்ல 105தான் நிக்குது. நன்றி சொல்லி விலகிட்டேன், மனசு லேசா இருக்கு.

வெள்ளிக்கிழமை பெரிய கம்பெனி டீம்ல ஒரு சீனியர் அம்மா பேசினாங்க, அவங்களுக்கும் சின்னப் பையன் இருக்கான். போன மாசம் ஆபீஸ் நேரத்துக்கு வெளிய மூணு அலர்ட்டாம், அதுல ஒண்ணுதான் நடுராத்திரி. அன்னைக்கு மறுநாள் மதியம் வரைக்கும் வர வேண்டாம்னு மேனேஜரே சொல்லிடுவாராம், ஆனா அது எழுத்துல எங்கயும் இல்லைன்னு அவங்களே ஒளிக்காம சொன்னாங்க.

பேஸ் 120 கேட்டேன், ரெண்டு நாள் இழுத்து 116க்கு வந்தாங்க. லெவல் இப்ப நான் இருக்கறதுக்குச் சமமானதுதான், கேட்டுட்டேன். வேரியபிளை அவங்க மூணு வருஷ சராசரி 75 சதவீதம்னு வச்சா 13, ஸ்டாக் 20, இன்சூரன்ஸ் 6 கழிச்சு 143, 46ஆல வகுத்தா 3.1. ஆன்-காலுக்காக வாரத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்தாலும் 2.98 வருது. ஸ்டாக் மொத்தமும் பூஜ்யமானா 48 மணி நேரத்துக்கு 2.56, இப்ப இருக்கறதை விட கம்மி, அதையும் வீட்ல சொல்லிட்டேன், பேஸ்லயே எங்க செலவு அடங்குதுங்கறதால பரவால்லன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிருக்கோம்.

அப்பா பாலிசிக்கு நேத்து அப்ளிகேஷன் போட்டாச்சு, சுகருக்கு ரெண்டு வருஷக் காத்திருப்பு இருக்கு, அந்த ரெண்டு வருஷத்துக்கு ஜாயினிங் போனஸ் 10ஐத் தொடாம தனியா எடுத்து வைக்கப்போறோம். ராத்திரி அலர்ட்டுக்கு மறுநாள் அரை நாள் லீவுன்னு மேனேஜர்கிட்டேருந்து ஒரு வரி மெயில்ல கேட்டிருக்கேன், அது வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவேன்.